முதலில் தூக்கியவர்

காக்களூர்
20.8.2024

என் புஜ்ஜிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இருக்கிறோம். சுகம் என்று எழுதக் கை வரவில்லை. இருக்கிறோம்.

நீ போட்ட கடிதம் வந்தது.

சனிக்கிழமை வேலை விட்டு வந்தபோது கதவு இடுக்கில் செருகியிருந்தது. கவர் மேல் உன் பெயர். பிரித்தால் உள்ளே உன் கையெழுத்து. வரி போகப் போக மேல் பக்கம் ஏறுமே, அதே எழுத்து. "அன்புள்ள ஸ்நேகா, உங்களுக்கு விபத்து நடந்து ஒரு மாதம் ஆகிறது. இப்போது எப்படி இருக்கிறீர்கள்?" என்று ஆரம்பிக்கிறது. "இப்படிக்கு, பா. ஸ்நேகா" என்று முடிகிறது. உனக்கு நீயே எழுதியிருக்கிறாய். உன்னைப் புதைத்து அன்றைக்குச் சரியாக முப்பது நாள்.

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். எதிர்வீட்டுக் கங்கம்மா, "இன்னா மேரிக்கா, மயக்கமா? தண்ணி எடுத்தாரட்டா?" என்று கேட்டாள். கடிதத்தை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல, வெயிலு" என்றேன். வானம் மூடிக்கிடந்தது.

அப்புறம்தான் யோசனை வந்தது. இது நீ போன வருஷம் உன் ரோடு விபத்து ஆராய்ச்சிக்காக நம் சமையல்கட்டில் உட்கார்ந்து எழுதியது. அடிபட்டவர்களுக்குப் போன் போட்டால் நஷ்டஈடு வாங்கித் தரும் புரோக்கர் என்று நினைத்துக் கட் பண்ணுகிறார்கள், டைப் அடித்த கடிதம் போட்டால் கோர்ட் நோட்டீஸ் என்று பயப்படுகிறார்கள், கையால் எழுதினால்தான் பதில் வருகிறது என்றாய். ஒரு மாதத்துக்கு ஒன்று, மூன்று மாதத்துக்கு ஒன்று என்று ஒவ்வொரு கடிதத்தையும் ஒரே ஒரு தடவை கையால் எழுதி அதையே ஆயிரம் அச்சடிக்கக் கொடுத்தாய். வரும் பதிலுக்குத் தக்க கடிதமாக எடுத்து, பெயரும் தேதியும் மட்டும் மெட்ராஸில் ஏதோ ஒரு கம்பெனியில் எழுதித் தபாலில் போடுவார்கள் என்றாய்.

"உனக்குப் புரிஞ்சா ஊருக்கே புரியும்மா" என்று சொல்லி எனக்குப் படித்துக் காட்டினாய். "அஞ்சாங்கிளாஸ் படிச்சவள வெச்சு ஊர எடை போடறியாடி?" என்று கேட்டேன். சிரித்தாய். ஏழாவது கேள்வியில் "முதலுதவி அளித்தவர்" என்று எழுதியிருந்தாய். அது இன்னா கவர்மெண்டு பாஷை, "முதலில் தூக்கியவர் யார், எப்படித் தூக்கினார்" என்று எழுது என்றேன். அடித்துவிட்டு அப்படியே எழுதினாய். அந்த அடித்தல்கூட அச்சில் இருக்கிறது.

உன் கணக்கில் நீயே எப்படி வந்தாய் என்று கேட்பாய். கும்மிடிப்பூண்டியில் ஆட்டோவில் முதலில் கொண்டுபோன ஆஸ்பத்திரியில் உங்கள் ஆபீஸ் புதுப் பெண் ஒருத்தி பேப்பரோடு வந்தாள். உன் முகம் வீங்கியிருந்தது, அவளுக்கு உன்னைத் தெரியவில்லை. கையெழுத்துப் போடச் சொன்னாள், போட்டேன். உனக்கு நம்பர் 412. ஒரு வாரம் கழித்து மெட்ராஸிலிருந்து வேறு ஒருத்தி போன் பண்ணினாள். "நானூத்திப் பன்னண்டு, பேஷண்ட் வீட்டுக்கு வந்துட்டாங்களாம்மா?" என்றாள். அப்போது உன் போட்டோவுக்கு முன்னால் மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. "வந்துட்டா" என்றேன். "நல்லா இருக்காங்களா?" "இருக்கா." அந்தப் பெண், "தேங்க்ஸ்மா, சந்தோஷம்" என்றாள். உன்னைப் பற்றி அந்த வாரம் யாருமே அந்த வார்த்தை சொல்லவில்லை புஜ்ஜி. அதைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம் போல இருந்தது.

அதனால் பதிலும் அப்படியே எழுதினேன். பாதிக்கப்பட்டவர் எங்கே இருக்கிறார்? வீட்டில். சாப்பிடுகிறாரா? சாப்பிடுகிறார். ஏழாவது கேள்வியை மட்டும் விட்டுவிட்டேன். நீ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பிய கவரிலேயே படிவத்தைப் போட்டுவிட்டேன். நான் எழுதும் இந்தக் கடிதத்தை உன் பீரோவில் வைக்கிறேன்.

உன் அம்மா,
ஆரோக்கியமேரி


12.10.2024
பதிவு எண்: 412

அன்புள்ள ஸ்நேகா,

விபத்து நடந்து மூன்று மாதம் ஆகிறது. போன தடவை நீங்கள் வீட்டில் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். படித்து மகிழ்ந்தேன்.

இந்த நேரத்தில் உடம்பு தேறியிருக்கும், மனசு தேறியிருக்காது. பிரேக் சத்தம் கேட்டால் கை நடுங்கலாம். வீட்டில் இருப்பவர்கள் உங்களைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தலாம். நீங்கள் அந்த அறையில் இல்லாதது மாதிரியே அவர்கள் நடந்துகொள்வதாகக்கூட உங்களுக்குத் தோன்றலாம். இதெல்லாம் பலருக்கும் நடப்பதுதான், பயப்பட வேண்டாம்.

கழுத்தில் அடிபட்டவர் என்றால் உயரமான தலையணை வேண்டாம். மருத்துவர் சம்மதித்தால் தினமும் சாயங்காலம் கொஞ்ச தூரம் நடங்கள். தனியாகப் போக வேண்டாம். வீட்டில் ஒருவர் உங்கள் இடது பக்கம் கூடவே வரட்டும். எவ்வளவு தூரம் நடக்கிறீர்கள் என்று மறக்காமல் எழுதுங்கள்.

கேள்விகள் இதனோடு வைத்திருக்கும் படிவத்தில் இருக்கின்றன. தெரிந்ததைத் தெரிந்தபடி எழுதினால் போதும்.

இப்படிக்கு உங்கள்
பா. ஸ்நேகா
சாலைக் காய ஆய்வு


காக்களூர்
3.11.2024

புஜ்ஜிம்மா,

இரண்டாவது கடிதமும் கிடைத்தது. இந்தத் தடவை அப்பா கையில் கிடைத்துவிட்டது.

அத்திப்பட்டு பவர் ஹவுஸில் அவருக்கு இப்போது சாம்பல் அள்ளும் பக்கம் வேலை. வாரத்தில் நாலு நாள் அங்கேயே தங்கிக்கொள்கிறார். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வந்தவர் வாசலிலிருந்தே, "இன்னா மேரி, பொண்ணு லெட்டர் போட்டுக்குறா, ஒரு வார்த்த சொல்லல?" என்றார். சாதாரணமாகச் சொன்னார், நீ ஏதோ ஹாஸ்டலில் இருந்து போட்டது மாதிரி. சொல்லி முடித்த பிறகுதான் அவர் முகம் மாறியது. அப்படியே கவரை என் கையில் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனார். அரை மணி நேரம் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது சாம்பல் அப்படியே உடம்பில் இருந்தது.

நான் உன் தலையணையை எடுத்துவிட்டேன். நீ சொன்னபடி துண்டை மடித்து வைத்தேன். காலையில் பாயைச் சுருட்டும்போது துண்டின் நடுவில் ஒரு குழி இருந்தது. நான்தான் மடிக்கும்போது அமுக்கியிருப்பேன்.

சாயங்காலம் நடக்கிறேன். உன் இடது பக்கம் வர வேண்டும் என்று எழுதியிருந்தாய், அதனால் எனக்கு வலது பக்கம் உனக்கு இடம் விட்டு, சாக்கடை ஓரமாக நடக்கிறேன். முதல் நாள் பத்து வீடு. அப்புறம் ரைஸ் மில் வரைக்கும். போன வாரம் தெரு முனை. கங்கம்மா பார்த்துவிட்டு, "இன்னாக்கா, நடு ரோடு காலியா கீது, சாக்கடைல வுழறா மாதிரி ஓரமா போறியே, யாருக்கு வழி வுடற?" என்றாள். அவள் பேத்தி, மூணு வயசு, என் வலது பக்கம் பார்த்து டாட்டா காட்டினாள். குழந்தைகள் எல்லாருக்கும்தான் டாட்டா காட்டும்.

நேற்று கல்லறைத் திருநாள். உன் மேல் சாமந்தி வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றினேன். சாமியார் தண்ணீர் தெளித்தார். வீட்டுக்கு வந்து கை கழுவிவிட்டு உன் படிவத்தை எடுத்து எழுதினேன். எவ்வளவு தூரம் நடக்கிறார்? தெரு முனை வரை. யார் துணைக்குப் போகிறார்? அம்மா. ஒரு மெழுகுச் சொட்டு என் கட்டை விரலில் ஒட்டியிருந்தது, அது படிவத்தில் பட்டு ஒரு பொட்டு ஆகிவிட்டது.

பொய் எழுதுகிறோம் என்று தெரியாமல் இல்லை. நிஜத்தை எழுதினால் இறந்துபோனவர் என்று கோடு போட்டு மூடிவிடுவார்கள், அப்புறம் உன் கடிதம் வராது. ஏழாவது கேள்வியை இந்தத் தடவையும் விட்டேன். தூக்கியது நான் என்று உனக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரியாது. மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்கு உன்னை ஆம்புலன்ஸில் மாற்றியதைப் பார்த்தவர்கள், ரோட்டிலிருந்தே ஆம்புலன்ஸில் போனதாக நினைத்துக்கொண்டார்கள். அப்பாவும் அப்படித்தான் நினைக்கிறார். நான் திருத்தவில்லை.

அடுத்த கடிதம் பொங்கலுக்கு வரும் என்று கணக்குப் பார்த்து வைத்திருக்கிறேன்.

அம்மா


10.1.2025
பதிவு எண்: 412

அன்புள்ள ஸ்நேகா,

ஆறு மாதம் ஆகிறது. இந்தக் கடிதத்தை எல்லாருக்கும் அனுப்புவதில்லை. ஏழாவது கேள்விக்கு இரண்டு முறையும் பதில் எழுதாதவர்களுக்கு மட்டும் அனுப்புகிறேன்.

நீங்கள் அதை மறந்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். முதலில் தூக்கியவர் முன்பின் தெரியாதவராக இருந்தால் உடனே எழுதியிருப்பீர்கள். அவர் உங்கள் வீட்டு ஆள். காட்டிக் கொடுப்பது மாதிரி இருக்கும் என்று விட்டுவிட்டீர்கள். அப்படித்தானே?

இது போலீசுக்குப் போகாது. வக்கீலுக்கும் போகாது. பெயர் தெரிந்தவர்களிடம் பதில் இருக்காது, பதில் தெரிந்தவர்களிடம் பெயர் இருக்காது. அப்படித்தான் ஏற்பாடு செய்திருக்கிறேன்.

ஒருவேளை இந்தக் கடிதத்தைப் படித்துக்கொண்டிருப்பதே அந்த ஆளாக இருக்கலாம். அப்படியென்றால் உங்களுக்கு ஒரு வார்த்தை. பெற்றவர்களாலும் உடன்பிறந்தவர்களாலும் ரோட்டில் கிடப்பவரைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. எனக்குத் தெரியும். நான் உங்கள் மேல் கோபப்படவில்லை. ஆனால் எழுதுங்கள். நீங்கள் எழுதாவிட்டால் அடுத்தவரையும் அப்படியேதான் தூக்குவார்கள்.

உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு உங்கள்
பா. ஸ்நேகா


காக்களூர்
11.2.2025

புஜ்ஜி,

கடிதம் பொங்கலுக்கு மறுநாளே வந்துவிட்டது. நான்தான் பதில் போடாமல் இருந்தேன். அதைப் படித்த நாளிலிருந்து உன் பீரோவை நான் திறக்கவில்லை. நீ அதற்குள் உட்கார்ந்து காத்திருப்பது மாதிரி இருந்தது. வேலைக்குப் போட்டுக்கொண்டு போகும் ஸ்வெட்டர் அதற்குள்தான் இருக்கிறது. மார்கழிப் பனி, தைப் பனி எல்லாம் ஸ்வெட்டர் இல்லாமலே போனேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் கூட வேலை செய்த குணா வந்தான். இளைத்துவிட்டான். ரசமும் அப்பளமும் போட்டேன், "ஆன்ட்டி, ஸ்நேகா டப்பாவுல இதத்தான் நான் திருடித் துன்னுவேன்" என்றான். நீ பாதியில் விட்ட ஆராய்ச்சிப் புத்தகத்தை அவனும் உங்கள் சாரும் சேர்ந்து முடிக்கிறார்களாம். உன் பேரிலேயே கொடுக்கப் போகிறார்களாம். செத்தவர்களுக்கும் டாக்டர் பட்டம் கொடுப்பதுண்டாம். உன் நோட்டு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டான். பீரோவில் இருக்கிறது, சாவி தேட வேண்டும் என்றேன். சாவி என் தாலிச் செயினில்தான் இருந்தது.

அப்புறம் அவனாகவே பேசிக்கொண்டு போனான். முகம் அப்போதுதான் கொஞ்சம் தெளிந்தது. "ஒரு அதிசயம் ஆன்ட்டி. கழுத்து அடிபட்டவங்க எங்க கணக்குல மொத்தமே பதினோரு பேர்தான். அதுல ஒருத்தருக்கு ஆம்புலன்ஸ் பதினோரு நிமிஷத்துல போய்க்குது, ஆளே இல்ல. அதுக்குள்ள ஷேர் ஆட்டோல தூக்கிப் போட்டுக்கினு போய்ட்டாங்க. அவங்க செத்திருக்கணும், இல்ல படுத்த படுக்கையாயிருக்கணும். ஆனா மூணே மாசத்துல தெரு முனை வரைக்கும் நடக்கறாங்களாம்!"

என் கையில் கரண்டி இருந்தது.

"யாருப்பா அது?" என்றேன்.

"பேரு, ஊரு, தேதி ஒண்ணும் எங்களுக்குத் தெரியாது ஆன்ட்டி. ஸ்நேகா போட்ட ரூலு. வெறும் நம்பருதான். நானூத்திப் பன்னண்டு."

அவனுக்குப் பின்னால் சுவரில் நீ சிரித்துக்கொண்டிருந்தாய். அவன் தலைக்கும் உன் போட்டோவுக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. ரசம் ஊற்றினேன். தட்டு நிறைந்து வழிந்த பிறகுதான் அவன் "போதும் ஆன்ட்டி" என்றான்.

"அதுல ஒரே பேஜாரு" என்றான். "கழுத்தப் புடி, அசைக்காத, ஆம்புலன்ஸ் வர வரைக்கும் இருன்னு ஸ்நேகா கம்பெனி கம்பெனியா சொல்லிக் குடுத்தா இல்ல? இந்த ஒரு கேஸக் காட்டி, அதெல்லாம் தேவையே இல்ல, தூக்கிப் போட்டுக்கினு ஓடறதே மேல்னு மீட்டிங்ல ஒருத்தரு பேசறாரு. பதினொண்ணுல ஒண்ணுன்னா பெரிசு ஆன்ட்டி. அந்த கிளாஸையே நிறுத்திடலாமான்னு பேச்சு. எப்படித் தூக்குனாங்கன்னு அவங்க எழுதினா தேவல. அத மட்டும் எழுத மாட்டேன்றாங்க."

நீ ஆறு வருஷம் அந்த ரோட்டில் நின்று எண்ணியதை நான் இரண்டு படிவத்தில் கெடுத்துவிட்டேன். நிஜத்தை எழுதினால் இனிமேல் உன் கடிதம் வராது. ஒரு வருஷக் கடிதம் ஒன்று இன்னும் இருக்கிறதாம், கடைசிக் கடிதம். "அது ரொம்ப நல்லாருக்கும் ஆன்ட்டி, அத எழுதறப்ப அவளே அழுதா" என்றான் குணா. என்ன எழுதியிருக்கிறது என்று வாய்வரை வந்தது, கேட்கவில்லை. கேட்டால் ஜூலை வரைக்கும் காத்திருக்கத் தோன்றும்.

அதனால் இன்றைக்கே எழுதுகிறேன். பீரோவைத் திறந்துவிட்டேன். உள்ளே நீ இல்லை. நாப்தலின் உருண்டை வாசனைதான் இருந்தது.

ஒன்றாம் கேள்வி. பாதிக்கப்பட்டவர் எங்கே இருக்கிறார்? இறந்துவிட்டார். 17.7.2024, மூன்றாம் நாள், காலை. முன்னால் எழுதிய இரண்டு படிவமும் பொய். நடந்தது அம்மா மட்டும்.

ஏழாம் கேள்வி. முதலில் தூக்கியவர் யார்? அம்மா.

எப்படித் தூக்கினார்?

அன்றைக்குப் பூசை முடிந்ததும், "ரோட்ல நின்னுக்கினு இன்னாதான் எண்றேன்னு பாக்கறேன்" என்று உன் ஸ்கூட்டரில் நானாகத்தான் ஏறினேன். சிப்காட் கம்பெனிகள் பக்கம் திரும்பும் இடத்தில் டிரெய்லர் லாரியின் வால் நம்மைத் தள்ளியது. நான் மணல் குவியலில் விழுந்தேன், முழங்கை மட்டும் தேய்ந்தது. நீ ரோட்டு நடுவில் இருக்கும் மேட்டில் மோதித் தாரில் விழுந்தாய். கண் திறந்திருந்தது. கூட்டத்தில் ஒரு கம்பெனி வாட்ச்மேன், தாவீது என்று சட்டையில் பேர் இருந்தது, ஓடி வந்து உன் தலைமாட்டில் முட்டி போட்டான். "யம்மா, தொடாதீங்க. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாச்சு. தலையப் புடிக்கணும், எங்க மேடம் சொல்லிக் குடுத்துக்குறாங்க" என்றான். உன் முகத்தைக் குனிந்து பார்த்தான். "ஐயோ, மேடம்தானா!" என்றான். நீ சொன்ன மாதிரியே தலைக்கு இரண்டு பக்கமும் கையைச் சரியாக வைத்தான்.

நான் அவனைத் தள்ளிவிட்டேன்.

தெரியாமல் செய்யவில்லை புஜ்ஜி. தெரியாது என்று எழுதினால் அதுவும் பொய். என்னையே பாயில் படுக்கப் போட்டு எத்தனை நாள் பழகினாய். "ஆடாதம்மா, நீ இப்ப பேஷண்ட்டு" என்பாய். "பேஷண்ட்டுக்குச் சோறு யாருடி ஆக்கறது, அடுப்புல கொழம்பு கீது" என்பேன். எனக்கு எல்லாம் தெரியும். ஆனால் தார் ரோட்டில், அவ்வளவு ஆண்பிள்ளைகள் காலுக்கு நடுவில், என் பெண் கிடக்கிறாள். உன் சுடிதார் முட்டிக்கு மேல் ஏறியிருந்தது. ஒருத்தன் போனில் படம் பிடித்தான். பதினோரு நிமிஷம் இல்லை, பதினோரு எண்ணிக்கைகூட என்னால் நிற்க முடியவில்லை. அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன். இரண்டு பேர் காலைப் பிடித்தார்கள். உன் தலையை யாரும் பிடிக்கவில்லை. அது பின்னால் தொங்கியது. "அம்மா" என்றாய். ஆட்டோவில் அதற்குப் பிறகு நீ பேசவில்லை. பெரிய ஆஸ்பத்திரியிலும் பேசவில்லை.

இதை அப்படியே படிவத்தில் எழுதினேன், இடம் போதாமல் ஓரத்திலும் எழுதினேன். அப்பாவிடம் காலையில் சொல்லிவிட்டேன். நாஷ்டா சாப்பிடாமல் எழுந்து போனார், வாசல் வரை போய்த் திரும்பி வந்து, "கவர நான் போஸ்ட் பண்றேன், குடு" என்றார்.

படிவத்தின் அடியில், "எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமானால் இங்கே எழுதுங்கள்" என்று இரண்டு வரி இடம் விட்டிருக்கிறாய். மற்ற இரண்டு தடவையும் அதில் ஒன்றும் எழுதவில்லை. இந்தத் தடவை ஒன்று இருக்கிறது. குணா கிளம்பும்போது, யாருக்கோ கேட்கிற மாதிரி கேட்டேன்: "அந்த நானூத்திப் பன்னண்டுக்குக் கழுத்து வுழும்போதே போயிருக்குமா, தூக்கும்போது போயிருக்குமா?" செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னான், "தூக்கறதுக்கு முன்னாடி கால் வெரல அசைக்கச் சொல்லிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும் ஆன்ட்டி. அடிபட்டவங்களாண்ட மொதல்ல கேக்க வேண்டியதே அதுதான். யாரும் கேக்கல போலக்குது."

நான் கேட்கவில்லை. அந்த இரண்டு வரியில் அதைத்தான் எழுதியிருக்கிறேன்.

உன் அம்மா,
ஆரோக்கியமேரி

புஜ்ஜி, நான் உன்னைத் தூக்குவதற்கு முன்னால், உன் கால் விரல் அசைந்ததா?